ஆறடித் தொட்டியும் பத்தடிக் காம்பராவும்



இலக்கிய நிகழ்ச்சியிலே வந்து மீன் தொட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். கவிதையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் கருவாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வருவார் என்றாள் என் மனைவி. கருவாட்டைப் பற்றிப் பேசவும் எனக்குக் கூச்சமில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு மீன் என்றால் முதலில் கருவாடுதான். ஆனால் இன்று சொல்ல வந்தது பதுளையிலே என் வீட்டு முன்னறையில், கண்ணாடிக்குள், பல ஆண்டுகளாக என்னோடு குடியிருக்கும் மீன்களைப் பற்றி.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லீற்றர் பிடிக்கும். நான் பிறந்தது பசறை வீதியில் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதற்குள் நாங்கள் ஏழு பேர். தொட்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே மனம் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. தொட்டி அடைக்கும் இடம் பன்னிரண்டு சதுர அடி. அந்தக் காம்பராவில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. படிப்பித்து ஓய்வு பெற்றவன், சொந்த வீட்டில் இருப்பவன், இந்தக் கணக்கை ஏன் போடவேண்டும்? எங்களில் பலருக்கு எந்த அறைக்குள் நுழைந்தாலும் இந்தக் கணக்கு ஓடும் என்றே நினைக்கிறேன்.

நான் வளர்ப்பவை சிக்லிட் என்னும் குடும்பத்து மீன்கள். பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் பழகியவர்தான். 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளங்களெங்கும் நிறைந்திருக்கும் திலாப்பியா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மகியங்கனைப் பக்கத்துக் குளத்து மீனென்று பதுளையில் விற்பார்களே, அதுதான். எங்கள் களப்புகளில் தொன்றுதொட்டு வாழும் உள்ளூர்ச் சிக்லிட்டுகளும் உண்டு; அவற்றுள் ஒன்றைத்தான் கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடி, 2010இல் தங்கள் மாநில மீனாகவே அறிவித்தார்கள். ஆனால் கண்ணாடித் தொட்டிக்காரர்களை மயக்குபவை ஆபிரிக்காவின் பேரேரிகளிலும் தென் அமெரிக்க ஆறுகளிலும் வாழும் வண்ணச் சிக்லிட்டுகள். இந்த மீனுக்கு அழகு மட்டுமல்ல, குணமும் உண்டு. சோறு போடுகிறவனை அடையாளம் கண்டுகொள்ளும். தன் இடம் என்று ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அடுத்தவன் எட்டிப் பார்த்தால் சண்டைக்கு நிற்கும். மீன் தொட்டி மனத்துக்கு அமைதி தரும் என்று சொல்வார்கள். அவர்கள் சிக்லிட் வளர்த்தவர்கள் அல்லர்.

முதல் மீன்கள் இரவு தபால் ரயிலில் வந்தன. கொழும்பில் ஒரு கடையில் வாங்கி, ஒக்சிஜன் நிரப்பிய பொலித்தீன் பைகளை ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி, மடியிலே வைத்துக்கொண்டு வந்தேன். வெயில் ஊரில் வாங்கிய மீன் பதுளைக்கு வரும் வழியில் பட்டிப்பொலையைத் தாண்ட வேண்டும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். 6,200 அடிக்கு மேல். விடியப்போகும் நேரத்துக் குளிரில் பெட்டியைத் திறந்து பார்த்தால் மீன்கள் பையின் அடியில் சாய்ந்து கிடக்கின்றன. என் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றினேன். எதிரே இருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் தமது சால்வையையும் எடுத்துக் கொடுத்தார். தெமோதரையைத் தாண்டி வெயில் ஏறியபிறகுதான் அவை செதில் அசைத்தன.

அடுத்து நான் செய்தது பெரிய பிழை. கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் வாங்கி வந்திருந்தேன். அமேசன் பக்கத்து ஒஸ்கார், ஏஞ்சல் மீன், மத்திய அமெரிக்காவின் கொன்விக்ட் என்னும் வரிமீன், ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் விட்டேன். ஒரு மாதத்தில் வரிமீன் சோடி ஒன்று முட்டையிட்டது. நேயர்களே, ஒரு விரல் நீளமுள்ள இரண்டு மீன்கள் ஆறடித் தொட்டியில் நான்கடியைத் தமதாக்கிக்கொண்டு, மற்றவர்களை ஒரு மூலையில் நிறுத்திவைத்த காட்சியை நான் பார்த்தேன். ஏஞ்சல் மீனின் நீண்ட செட்டைகள் கந்தலாயின. ஒஸ்காரோ ஓர் ஆண்டில் ஓரடி வளர்ந்து, வாய்க்குள் அடங்கியவர்களையெல்லாம் விழுங்கியது. பதுளு ஓயாவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு மாணவன் ஆலோசனை சொன்னான். அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று வாங்கி, வளர்ந்ததும் ஆற்றில் விட்டதன் பலனை இன்று நமது நீர்த்தேக்கங்களில் வலை வீசுபவர்கள் அனுபவிக்கிறார்கள். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பேர்ச் என்னும் பெருமீனை விட்டதனால், அந்த ஏரிக்கேயுரிய சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன அல்லது அழிவின் விளிம்புக்குப் போயின. ஒஸ்காரை வாங்கிய கடைக்கே, பாதி விலைகூட வாங்காமல், திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் மலாவி மீன்களோடு மட்டும் வாழ்வது என்று முடிவு செய்தேன். கலப்புத் தொட்டிதான், ஆனால் ஒரே ஏரிக் கலப்பு. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, கறுப்பு வரி என்று ஏழெட்டு இனங்கள். இவற்றை அந்த நாட்டார் ம்புனா என்பார்கள். பாறையில் வாழ்வது என்று பொருள். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை. இறைச்சித் தீனி மிகுந்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும். அவித்த பசளிக்கீரைதான் எங்கள் வீட்டில் அவற்றுக்கு விருந்து.

அந்த ஏரித் தண்ணீர் சுண்ணச்சத்தும் காரமும் உள்ளது. எங்கள் மலைத் தண்ணீரோ மென்மையானது. தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். என் மீனுக்கு அதற்கு நேர் எதிரான தண்ணீர் வேண்டும். யோசித்தபோது தோட்டத்து நினைவு கைகொடுத்தது. மண்ணின் புளிப்பு அளவு மீறினால் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவார்களே! உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு பை கொண்டுவந்து தந்தான். நான் அதை அப்படியே தொட்டியில் கொட்டினேன். மூன்று நாட்கள் என் முன்னறையில் ஒரு பாற்கடல் இருந்தது. மாவு கூடாது, கல் வேண்டும் என்று பிறகு புரிந்தது. தரைக்குப் போடும் வெள்ளைக் கற்சல்லியை வாங்கிப் பில்டருக்குள் வைத்தேன். அது மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரை அவர்களுக்கு ஏற்றதாக்கியது.

மலாவியைப் பற்றித் தேடி வாசித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. ஆபிரிக்காவில் முதன்முதலாக வணிகப் பயிராகத் தேயிலை வளர்ந்த நாடு அதுதானாம். நாட்டின் தெற்கே தியோலோ, முலாஞ்சே என்ற மாவட்டங்களில் மலைச்சரிவெல்லாம் தேயிலை. என் மீன்களும் தேயிலை நாட்டுப் பிள்ளைகள்! அந்த நாடு பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது 1964 ஜூலையில். அதே ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம்மவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். என் தாய்மாமன் அந்த முதற்பங்கில் போனவர். மீன் பெட்டியோடு நான் இறங்கிய அதே பதுளை ரயில் நிலையத்தில்தான், சின்னப் பையனாக, அவருக்குக் கையசைத்தேன்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ம்புனா வளர்ப்பவர்களிடையே ஒரு பழைய பாடம் உண்டு. இந்த மீன்களைக் குறைவாக வைக்கக் கூடாது. நெருக்கமாக வைக்க வேண்டும். நாலைந்து மீன் மட்டும் இருந்தால் பலசாலி ஒருவன் இடம் பிடித்து, பலவீனமானவனைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடுவான். அறுபது மீன் இருந்தால் அவன் யாரைத் துரத்துவான்? ஒருவனைத் துரத்தப் போனால் குறுக்கே நான்கு பேர். அடி எல்லோருக்கும் பங்காகி, யாருக்கும் பெரிய காயம் இல்லாமல் போய்விடும். பாடத்தின் இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. புதிய மீனை விடும்போது தொட்டியிலுள்ள கற்களையெல்லாம் எடுத்து மாற்றி அடுக்கிவிட வேண்டும். தன் வீடு எது என்று பழையவர்களுக்கும் தெரியாமல் போகும். எல்லோரும் புதியவர்களாகிவிடுவார்கள். சண்டை தணியும்.

பாடம் பலித்தது. ஐம்பத்தெட்டு மீன்களை வைத்தேன். வருகிறவர்களெல்லாம் வாய்பிளந்து நின்றார்கள். இவ்வளவு மீனும் எவ்வளவு ஒற்றுமை என்றார்கள். நானும் ஒரு சின்னத் துரையைப்போல அருகில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்போது அம்மா எங்களோடு இருப்பதற்காகத் தோட்டத்திலிருந்து வந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த கை. வந்த அன்று மாலை தொட்டி முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"என்னாப்பா இது, இம்புட்டுப் பேரை உள்ள போட்டு வெச்சிருக்க? லயமா?"

நெருக்கமாக இருந்தால்தான் சண்டை போடாது என்று விளக்கினேன். கற்களை மாற்றிவைக்கும் வித்தையையும் சொன்னேன்.

"அதெப்புடி? எது நம்ம வாசல்னே தெரியலன்னா எதுக்குடா சண்ட போடுறது?" என்றார். சற்றுப் பொறுத்து, கறுப்பாகத் திரிந்த ஒரு மீனைக் காட்டி, "அந்தா போறானே, அவன்தான் கங்காணி" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். அது ஔரட்டஸ் என்னும் இனத்து ஆண். இளமையில் பொன்மஞ்சள் நிறம். தலைமைக்கு வந்ததும் உடம்பு கறுத்துப்போகும். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா நடையைப் பார்த்தே கண்டுகொண்டார்.

அதன்பிறகு என்னால் அந்தத் தொட்டியைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. எங்கள் லயத்திலும் சண்டை இருந்தது. கான் ஓரத்து ஒரு முழ இடத்துக்காக, கோழிக்கூட்டுக்காக, பீலிக்கரையில் யார் குடம் முந்தியது என்பதற்காகச் சண்டை. காணி இல்லாத சனம் கான் ஓரத்துக்கு அடித்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எங்களையும் ஒற்றுமையான சனம் என்று சொல்லியிருப்பார்கள். கூர்ந்து பார்த்தபோது என் மீன்களில் பாதிக்குமேல் மங்கிய நிறத்தில், மேல்மட்டத்தில், செட்டையைச் சுருக்கிக்கொண்டு நின்றன. ஒரு கல்லும் அவற்றுக்கு இல்லை.

மீன்களைக் குறைத்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். இருபதை எடுத்து வேறொரு தொட்டியில் வைத்தேன். ஒரே வாரத்தில் கங்காணி இரண்டு பேரைக் கொன்றுவிட்டான். எடுத்த இருபதையும் திரும்பக் கொட்டினேன். பாடம் பொய்யல்ல என்பது தெரிந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இடையிலே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த மீன்களில் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறாள். ஏறக்குறைய மூன்று வாரம். அதுவரை அநேகமாகச் சாப்பாடு இல்லை. கன்னம் உப்பி, உடல் மெலிந்து, கூட்டத்தில் ஒதுங்கி நிற்பாள். தீனி போடும்போது மற்றவர்கள் மேலே பாய, அவள் மட்டும் கல்லடியில் நிற்பாள். அப்படி நின்ற ஒரு மஞ்சள் மீனை அம்மாதான் முதலில் கண்டார். "புள்ளத்தாச்சி போல இருக்கு, அவள இருக்க விடுங்க" என்று என் பேரனை அதட்டினார். வாய்க்குள் பிள்ளை என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை; பால்மாவுக்கு வரிசை. அந்த நேரத்தில் மீனுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன். பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று இருந்தது. அதற்குப் போடும் பற்றரி பதுளைக் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. பகலில் போன மின்சாரம் வந்து, மறுபடி இரவு போனது. பம்ப் ஒரு மணிநேரம் முனகிவிட்டு நின்றது.

நெருக்கம் சண்டையைத் தணிக்கும் என்ற பாடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த நெருக்கம் நிற்பது மோட்டரின் தயவில். தண்ணீர் ஓடும்வரைதான் ஐம்பது பேருக்கும் மூச்சு. மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தேன்: எல்லா மீனும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் விளிம்பில் வைத்து இரைத்துக்கொண்டிருந்தன. கங்காணியும் கடைநிலையானும் பக்கத்தில் பக்கத்தில். நான் ஒரு கோப்பையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். எண்பத்திரண்டு வயது.

"கலக்காதடா. மோந்து ஒசரத்துலருந்து ஊத்து. பீலித் தண்ணி விழுற மாதிரி விழணும். அப்பத்தான் தண்ணிக்கு உசுரு வரும்."

உண்மைதான். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு அது அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. நானும் மனைவியும் பேரனும் முறை வைத்து மொண்டு ஊற்றினோம். அம்மா முக்காலியில் உட்கார்ந்து, ஒரு செம்பால் தம்மால் முடிந்த உயரத்துக்குத் தூக்கி ஊற்றினார். பீலிக்கரை வரிசையில் நின்ற கதைகளைச் சொல்லிக்கொண்டே ஊற்றினார். மாமன் இந்தியாவுக்குப் போன கதையை அன்றிரவு முதன்முறையாக முழுவதும் கேட்டேன்.

விடிந்தபோது முப்பத்தொரு மீன்கள் செத்திருந்தன. பெரியவைதாம் முதலில் போயின. கங்காணியும் போய்விட்டான். மஞ்சள் தாய் மீன் கல்லடியில் சாய்ந்து கிடந்தாள், உயிர் இருந்தது. அவளைச் சுற்றிக் கடுகைவிடச் சற்றே பெரிய பதினொரு குஞ்சுகள். மூச்சுமுட்டி வாயிலிருந்து வெளியே விட்டிருக்க வேண்டும். அம்மா கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். "ஆமாடா, வாய்க்குள்ளதான் வெச்சிருந்திருக்கா" என்றார்.

மின்சாரம் வந்ததும் பில்டரை உடனே ஓடவிடவில்லை. பல மணிநேரம் மூடிக்கிடந்த பில்டருக்குள் இருக்கும் தண்ணீர் நஞ்சாகியிருக்கும். அதைத் தொட்டிக்குள் தள்ளினால் பிழைத்தவையும் போகும். மீன் வளர்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கழற்றி, பழைய தண்ணீரைக் கொட்டி, கழுவி, அதன்பிறகே பூட்டினேன்.

மீண்டும் ஐம்பத்தெட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. இருபத்தேழோடு என்ன செய்யலாம் என்று பார்த்தேன். எதிர்பார்த்தபடி சண்டை தொடங்கியது. புதிய கங்காணி ஒருவன் கறுக்கத் தொடங்கினான். இந்த முறை மீனைக் கூட்டவில்லை, கல்லைக் கூட்டினேன். பதுளு ஓயாவில் பொறுக்கிய கற்கள், உடைந்த பூச்சாடிகள், ஓட்டுத் துண்டுகள். பின்கண்ணாடியோடு சாய்த்து, கிட்டத்தட்டத் தண்ணீர் மட்டம்வரை அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொந்து. ஒரு பொந்தின் வாசலிலிருந்து அடுத்த வாசல் தெரியாதபடி ஒரு மறைப்பு. வரிசையாக அடுக்கிய கல் உதவாது. ஒருவன் நடுவில் நின்றே எல்லா வாசலையும் கண்காணிப்பான். ஆறு மாதம் கல்லை மாற்றவே இல்லை. சண்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. துரத்துகிறார்கள், துரத்தப்பட்டவன் தன் பொந்துக்குள் போய்விடுகிறான், துரத்தியவன் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறான். மேல்மட்டத்தில் மங்கி நின்றவற்றில் ஒன்று, இரண்டு மாதத்தில், யாரும் எதிர்பாராத நீலமாக மாறியது. அது அந்த நிறத்து மீன் என்று எனக்கே அதுவரை தெரியாது.

அம்மா அந்தக் கல்மலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தோட்டத்தில் தனி வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு 2015இலிருந்து நடக்கிறது. என் தம்பியின் பெயரும் பட்டியலில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒம் மீனுக்கு எத்தன பேர்ச்சுடா குடுத்த?" என்று கேட்டார். மறுவருடம் தைப்பொங்கலுக்கு முன்பு அவர் போய்விட்டார். தம்பி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறான்.

அந்தப் பதினொரு குஞ்சுகளில் ஒன்பது தேறின. நான்கை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்குக் கொடுத்தேன். இரண்டடித் தொட்டி ஒன்றைத் தானே கண்ணாடி வெட்டி ஒட்டிச் செய்திருக்கிறான். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சேர், மூணு நல்லா ஓடித் திரியுது. ஒண்ணு மட்டும் மூலையிலயே நிக்குது, சேர். என்னா செய்யிறது?"

உள்ளே எத்தனை கல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.